வாசகர் கேள்வி: ‘பழைய துப்பாக்கிக்குப் புதுக் குறி வைத்தால், குண்டு நேராகப் போகுமா?’

‘‘என் மகன் அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது, ஊருக்கு வெளியே குதிரைமசால் போட்டிருக்கும் ஒரு விவசாயி பழக்கமானார். அறுபதைத் தாண்டியவர். வேட்டைக் காலத்தில் மான் சுடுவதற்கு, நம் பாட்டன் காலத்து மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைத்தான் எடுக்கிறார். போன வருடம் சாயங்கால நேரத்தில் அவர் சுட்ட மான், அடிபட்டு ஓடி, கடைசி வரை கிடைக்கவே இல்லையாம். அதனால் இந்த முறை, குறி பார்க்கும் இரும்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார். அதில் துளைதான் இருக்கிறது, கண்ணாடிகூட இல்லை. டெலஸ்கோப் வைத்தால் வேலை முடிந்ததே, இது எதற்கு? இதை மாற்றினால் குண்டு நேராகப் போகுமா?’’

- வாசகர், கோபிச்செட்டிபாளையம்.

டெலஸ்கோப் கேள்விக்குப் பதில் சுலபம். அதற்கு அங்கே அனுமதி இல்லை.

ஐடஹோ மாநிலத்தில் மான் வேட்டைக்கு வருடத்தில் குறிப்பிட்ட நாள்கள்தான் உண்டு. அதிலும் சில நாள்களைக் குழலின் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு முறை சுட்டால் அடுத்த குண்டு கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பு அதிகம், வேட்டைக்காரர்களின் கூட்டமும் குறைவு. இந்தக் காரணங்களுக்காகத்தான் இப்படித் தனி நாள்கள் கொடுக்கப்படுகின்றன. 1985-ம் ஆண்டு டோனி நைட் என்ற மிசௌரி மாநிலத் துப்பாக்கித் தொழிலாளி, புது மாதிரியான முன்வழித் துப்பாக்கி ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பார்க்கவும் சுடவும் நவீன ரைஃபிள் போலவே இருந்த அந்த ரகத்தில் டெலஸ்கோப்பும் ஏறிவிட்டது. பழைய துப்பாக்கிக்குக் கொடுத்த சலுகையைப் புதுத் துப்பாக்கி அனுபவிக்கிறதே என்று பல மாநிலங்களில் வாக்குவாதம் எழுந்தது. ஐடஹோ போன்ற சில மாநிலங்கள் பழைய முறையை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே அந்த நாள்களில் மருந்தைத் தூளாகத்தான் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது .45 அளவுக் குழல், எல்க் எனப்படும் பெரிய மானுக்குக் குறைந்தது .50 அளவுக் குழல் வேண்டும். குறி பார்க்கத் திறந்த இரும்புக் குறியோ, துளைக் குறியோ மட்டும்தான் இருக்கலாம். டெலஸ்கோப்பும் பேட்டரியில் எரியும் எந்தச் சாதனமும் கூடாது.

ஆகவே, அந்தப் பெரியவர் முன்னால் இருந்த ஒரே வழி, இரும்புக் குறியை நல்லதாக மாற்றுவதுதான். அவர் மாற்றியதற்குக் காரணம் துப்பாக்கியில் இல்லை. கண்ணில் இருக்கிறது.

இரும்புக் குறி என்பது இரண்டு துண்டு. குழலின் நுனியில் நிற்பது முன்குறி. அது சின்னத் தகடாகவோ, மணி போன்ற உருண்டையாகவோ இருக்கும். கண்ணுக்குப் பக்கமாக, குழலின் மேல் ‘வி’ வடிவத்திலோ சதுரமாகவோ வெட்டு உள்ள தகடு பின்குறி. என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு ‘ஃபோர்சைட்’, ‘பேக்சைட்’ என்றால் உடனே புரியும். பின்குறியின் வெட்டுக்கு நடுவில் முன்குறியை நிறுத்தி, அதை விலங்கின் மேல் வைக்க வேண்டும். அதாவது கண் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். ஒன்று அரை மீட்டர் தூரத்தில், இன்னொன்று ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக, மூன்றாவது ஐம்பது, அறுபது மீட்டரில்.

எந்தக் கண்ணாலும் இது முடியாது. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இருபது வயதில் கண்ணின் லென்ஸ் மிருதுவாக இருப்பதால், மூன்று பொருள்களுக்கும் மாறி மாறிச் சட்டென்று ஓடிவிடும். நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் இறுகத் தொடங்கும். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டிப் பிடிப்பதும், உரமூட்டையில் உள்ள பொடி எழுத்தைத் தள்ளி வைத்துப் படிப்பதும் அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்த வயதில் பின்குறியின் வெட்டு மங்கலாகிவிடும். விளிம்பு தெரியாத வெட்டுக்கு நடு எங்கே இருக்கிறது என்று மனம்தான் ஊகிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த சாயங்காலத்தில் அந்த ஊகம் இன்னும் தவறும். அந்த மான் அடிபட்டு ஓடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

துளைக் குறி இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. பின்குறியின் வெட்டை எடுத்துவிட்டு, கண்ணுக்கு இன்னும் அருகில், துப்பாக்கிக் கட்டையின் கழுத்துப் பகுதியில் சின்ன வளையம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். சுடுபவர் அந்த வளையத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதன் வழியாகப் பார்த்தால் போதும். கண், தன்னை அறியாமல் துளையின் நடுவுக்குப் போய்விடும். ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் அதிகம். பார்க்க வேண்டியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன, முன்குறியும் விலங்கும் மட்டும். அமெரிக்காவில் வில்லியம் லைமன் என்பவர் 1879-ம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட துளைக் குறிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆகவே இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை.

துளைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கெட்டி அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக மருந்து டப்பாவின் பொடி எழுத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றை மெலிந்துவிடுவதால், அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒரே சமயத்தில் ஓரளவு தெளிவாகின்றன. துப்பாக்கியில் உள்ள வளையமும் இதைத்தான் செய்கிறது. ஆனால், ஊசித்துளை அளவுக்குச் சிறிதாக வைத்தால் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஒன்றுமே தெரியாது. எனவே, காகித இலக்கைச் சுடும் போட்டிக்காரர்கள் சின்னத் துளையும், வேட்டைக்காரர்கள் பெரிய துளையும் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் உள்ளே திருகி மாட்டும் வட்டத்தைக் கழற்றிவிட்டு, வெறும் வெளிவளையத்தோடேயே காட்டுக்குப் போகிறார்கள். துளை பெரிதானால் குறி கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டியதில்லை. கண் நடுவைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் 60 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். பின்குறியின் நடுவிலிருந்து முன்குறி 1 மி.மீ விலகி நின்றால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு 8 செ.மீ-க்கும் மேல் விலகிப் போகும். துளைக் குறியைக் கண்ணுக்கு அருகில் தள்ளி வைப்பதால் அந்தத் தூரம் 85 செ.மீ ஆகிறது என்றால், அதே 1 மி.மீ தவறுக்கு விலகல் 6 செ.மீ-க்குள் அடங்கிவிடும். கயிறு கட்டி வரப்பு நேர் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். இரண்டு குச்சிகளை நெருக்கி நட்டுப் பார்த்தால் கோணல் வரும், தள்ளி நட்டால் நேராக வரும்.

முன்குறியையும் கவனிக்க வேண்டும். கடைகளில் பச்சை, சிவப்பு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் இழை வைத்த முன்குறி கிடைக்கிறது. பேட்டரி இல்லை, சுற்றியுள்ள வெளிச்சத்தையே வாங்கி நுனியில் காட்டும். மங்கல் நேரத்துக்கு நல்லதுதான். ஆனால், உச்சி வெயிலில் அந்தப் பொட்டு பொங்கித் தெரியும். அது மட்டுமில்லை, 1.5 மி.மீ கனமுள்ள மணி, கண்ணிலிருந்து 90 செ.மீ தள்ளி நின்றால், 90 மீட்டருக்கு அப்பால் 15 செ.மீ அகலத்தை மறைத்துவிடும். மானின் நெஞ்சுப் பகுதியில், ஒரே அடியில் வலியின்றி விழச் செய்யும் இடமே 20 முதல் 25 செ.மீ அகலம்தான். பெரிய பொட்டு வைத்தால் சுட வேண்டிய இடத்தில் பெரும்பகுதி தெரியாமலே போய்விடும். பளபளக்கும் பித்தளை மணியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வெயில் வலது பக்கமிருந்து அடித்தால், மணியின் வலது பாதி மட்டும் மின்னும். கண் அந்த மின்னலையே முழு மணி என்று நினைத்து நடுவில் வைக்கும். குண்டு இடது பக்கம் விலகும். பழைய போட்டிக்காரர்கள் கார்பைடு விளக்கின் புகையில் குறியைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பது இதனால்தான்.

இனி, ‘குண்டு நேராகப் போகுமா?’ என்ற கேள்விக்கு வருவோம்.

குறியை மாற்றுவதால் குண்டு போகும் விதம் துளிகூட மாறாது. குண்டை நேராக அனுப்புவது குழல், மருந்து, குண்டைச் சுற்றும் துணி ஆகிய மூன்றும்தான். எங்கே அனுப்புகிறோம் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது மட்டும்தான் குறியின் வேலை. தராசு முள் சரியில்லாமல் இருப்பது வேறு, மூட்டையில் ஓட்டை இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் காசைச் செலவழித்துவிட்டு, புதுக் குறியைத் திட்டுகிறவர்கள் அங்கேயும் ஏராளம்.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பின்னால் மண்மேடு உள்ள பாதுகாப்பான இடத்தில், மணல்மூட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்கலாக வைத்து, சுமார் 25 மீட்டரில் காகிதத்தை நிறுத்தி, ஒரே புள்ளியைப் பார்த்து மூன்று முறையாவது சுட வேண்டும். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று ஒட்டி, ஆனால் புள்ளியிலிருந்து தள்ளி விழுந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது, குறியைத்தான் திருத்த வேண்டும் என்று அர்த்தம். மூன்றும் மூலைக்கு ஒன்றாகச் சிதறினால் குறியைத் தொடவே கூடாது. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. கரிமருந்து எரிந்தால் நிறைய கசடு விடும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைக்காவிட்டால், அடுத்த குண்டு இறுகிப் போய் வேறு இடத்தில் விழும். மருந்தைக் கண்ணளவில் கொட்டாமல், ஒவ்வொரு முறையும் அதே அளவுக் குப்பியில் அளந்து கொட்ட வேண்டும். துணியின் கனமும் மாறக் கூடாது. கெட்டிக்கும் கம்பியால் அழுத்துவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இவை சரியானால், சிதறிய ஓட்டைகள் பல நேரங்களில் தானாகவே நெருங்கி வந்துவிடும். சுடுபவர் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுவதும் ஒரு காரணம்தான். அதற்கு எந்தக் கடையிலும் உதிரி பாகம் இல்லை.

ஓட்டைகள் நெருங்கி விழுந்த பிறகு திருத்தும் வேலை எளிது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்தினால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் மேலே சொன்ன கணக்குதான். இரண்டு குறிகளுக்கும் நடுவில் 75 செ.மீ இருந்து, 50 மீட்டரில் குண்டு 10 செ.மீ விலகினால், 75-ஐ 10-ஆல் பெருக்கி, 5,000-ஆல் வகுக்க வேண்டும். 0.15 செ.மீ, அதாவது ஒன்றரை மி.மீ. இதைத் தெரிந்துகொள்ளாமல் சுத்தியலால் ஓங்கித் தட்டுகிறவர்கள் நாள் முழுவதும் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிச் சுடுவார்கள். பல துப்பாக்கிகளில் குறி, தச்சர்கள் மரப்பெட்டி மூலையில் போடும் டவ்டெயில் காடி போன்ற ஒன்றில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பித்தளைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டித்தான் நகர்த்த வேண்டும். இரும்பு உளியை வைத்தால் காடியின் விளிம்பு சிதைந்துவிடும்.

மேலே கீழே திருத்துவதில்தான் பலரும் குழம்புவார்கள். முன்குறியை அரத்தால் தேய்த்து உயரத்தைக் குறைத்தால், குண்டு மேலே போகும். குட்டையான முன்குறியைப் பின்குறிக்கு நேராகக் கொண்டுவர, சுடுபவர் குழலின் நுனியைத் தூக்க வேண்டியிருக்கிறதே, அதனால். புது முன்குறிகளை வேண்டுமென்றே உயரமாகச் செய்து விற்கிறார்கள். வாங்குபவர் தன் துப்பாக்கிக்கும் தன் மருந்து அளவுக்கும் ஏற்ப இரண்டு இழுப்பு தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு தேய்த்துக்கொள்ள வேண்டும். தேய்த்ததை ஒட்ட வைக்க முடியாது.

வேலைக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை அந்தப் பெரியவர் நிச்சயம் செய்திருப்பார். குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. நவீனத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் தோட்டா தெரியும். முன்வழித் துப்பாக்கியைத் திறக்கவே முடியாது. போன சீசனில் கெட்டித்துச் சுடாமல் வைத்தது, வருடம் கடந்தும் உள்ளே உயிரோடு இருக்கும். கெட்டிக்கும் கம்பியைக் காலிக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது வழக்கம். பிறகு எப்போது கம்பியை விட்டாலும் அந்தக் கோடு விளிம்புக்கு மேலே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் குறியைப் பற்றவைக்கச் சூடு காட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குழலில் புதுத் துளை போட்டுத் திருகு ஏற்றுவதும் வீட்டில் செய்கிற வேலை அல்ல. மருந்து வெடிக்கும் பின்பகுதியில் இரும்பின் கனத்தைக் கொஞ்சம் குறைத்தாலும், அடுத்த வெடியில் குழல் கிழிந்து முகத்துக்கு வரலாம். ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளிலேயே உட்காரும்படி செய்த துளைக் குறிகள் கிடைக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

புதுக் குறியால் கெடுதலும் வரலாம். குறி தெளிவாகத் தெரிந்ததும், தூரத்தில் நிற்கும் மானையும் சுடலாம் என்ற தைரியம் வந்துவிடும். உருண்டை ஈயக்குண்டு காற்றில் சீக்கிரம் தளர்ந்துபோகும். 100 மீட்டர் போவதற்குள் தன் வேகத்தில் பாதிக்கு நெருக்கமாக இழந்துவிடும். அதற்கு மேல் கீழே இறங்குவதும் வேகமாக இருக்கும். எவ்வளவு நல்ல குறி வைத்தாலும் இது மாறாது. அடிபட்டு விழாமல் ஓடும் விலங்கு நாள் கணக்கில் வலியோடு கிடந்து சாகும். இருட்டிய பிறகு அதைத் தேடிப் போவதும் கடினம். அதனால், பொறுப்பான வேட்டைக்காரர்கள் காகிதத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் போட்டு, மணல்மூட்டை இல்லாமல், காட்டில் சுடுவது போலவே மண்டியிட்டுச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தூரம் வரை ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் அவர்களுடைய எல்லை. சிலருக்கு அது 70 மீட்டர், சிலருக்கு 40. நாற்பது என்று தெரிந்துகொண்டு, அறுபதில் நிற்கும் மானை விட்டுவிட்டு வருவதற்கும் மனம் வேண்டும்.

குதிரைமசால் விஷயத்தையும் சொல்லிவிடலாம். அந்தப் பெரியவர் துப்பாக்கியை நம்பி விவசாயம் செய்யவில்லை. ஐடஹோவில் மான்களும் எல்க்குகளும் வயலில் இறங்குவதும், குளிர்காலத்தில் வைக்கோல் போரைத் தின்று தீர்ப்பதும் பெரிய தலைவலி. போரைச் சுற்றி வேலி போட, அந்த மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை உதவி செய்கிறது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. வேட்டை என்பது உரிமம் வாங்கி, குறித்த நாளில், குறித்த எண்ணிக்கையில் செய்வது. 1975-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறாமல் அங்கே உரிமமே வாங்க முடியாது.

‘‘எங்கள் தாத்தா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. நிலக்கடலையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கியில் முன்குறி தேய்ந்துபோய்விட்டது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட துப்பாக்கியையும் குறியையும் தபாலிலேயே வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துக் குறி வைத்துக்கொண்டு, பன்றியைச் சுடலாமா?’’

- வாசகர், அஞ்செட்டி.

இரண்டுக்கும் ‘கூடாது’ என்பதுதான் பதில்.

தபாலில் வாங்குவது உண்மைதான். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, கரிமருந்து கெட்டிக்கும் முன்வழித் துப்பாக்கி பொதுவாகப் ‘பழம்பொருள்’ வகையில் சேர்ந்துவிடுகிறது. அதற்கு நவீனத் துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடுகள் இல்லை. மாநிலங்கள் தனியே விதி வைத்திருக்கலாம், அது வேறு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முன்வழித் துப்பாக்கியும் துப்பாக்கிதான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும், அந்த வேலை செய்பவரிடம் தனி உரிமம் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. வெல்டிங் பட்டறையிலோ கொல்லுப் பட்டறையிலோ கொடுத்தால், குறி வைத்தவரும் மாட்டிக்கொள்வார், கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். கொண்டு போகும்போது லைசென்ஸ் புத்தகம் கையில் இருக்க வேண்டும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்கும் சோதனை இதற்கும் பொருந்தும். ரவை போட்டுச் சுடும், உள்ளே மரை இல்லாத குழலுக்குத் துளைக் குறி வைப்பதில் பயனும் இல்லை. ரவை எப்படியும் பரவித்தான் போகும்.

பன்றி விஷயம் இதைவிடக் கண்டிப்பானது. லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கிடைத்த அனுமதி. விலங்கைச் சுடுவதற்கு அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் உத்தரவு போட்டால் மட்டுமே கொல்லலாம். கேரளாவில் 2022-ம் ஆண்டு அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பயன்படுத்த வழி செய்தார்கள். அதைக் கேட்டுத்தான் இங்கேயும் பலர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2025-ம் ஆண்டு ஜனவரியில் வந்த அறிவிப்பு வேறு விதமானது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ-க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயி அல்ல. அஞ்செட்டிப் பக்கம் பல நிலங்கள் காட்டை ஒட்டியே இருப்பதால், சுடும் பேச்சே அங்கே எழாது.

கண்ணெதிரே நான்கு மாத உழைப்பு போகும்போது இந்த விதிகள் கசக்கத்தான் செய்யும். ஆனால், காட்டுப்பன்றி வருவது இரவில். இரவில் இரும்புக் குறி எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு செலவழித்து வைத்தாலும் இதுதான் நிலை. கடலைக் காட்டில் அசைவது பன்றியா, பக்கத்து நிலத்தில் தண்ணீர் திருப்ப வந்தவரா என்று துப்பாக்கி சொல்லாது. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் மலையோர ஊர்களில் நடந்திருக்கின்றன. சேதம் நடந்ததும் காலடித் தடம் அழிவதற்குள் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு இழப்பீடு கேட்க வேண்டும். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். பல மனுக்கள் நின்றுபோவது அது இல்லாததால்தான்.

கடிதத்தில் இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. லைசென்ஸ் ‘தாத்தா காலத்திலிருந்து’ என்று இருக்கிறது. அது இப்போது யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் புதிதாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் தாத்தா பெயரிலேயே இருந்தால், குறி சரிசெய்யக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்பாகக் காவல் நிலையத்துக்குப் போய் விவரத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி துப்பாக்கியை ஒப்படைப்பதுதான் இப்போதைக்குச் செய்ய வேண்டிய வேலை.